ஜிலேபிக்குச் சொந்தக்காரர்கள்



தம்பி, இரண்டடித் தொட்டியில் விட்ட ஆறு ஆப்பிரிக்க சிக்லிட் மீன்களில் ஒன்று மற்ற ஐந்தையும் மூலையில் ஒடுக்கி வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். வால் கிழிந்த மீனைப் பார்க்கப் பொறுக்காமல், அடிக்கிற மீனைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். அதற்கு முன், அது எதற்காக அடிக்கிறது என்று தெரிந்துகொள்.

நிலக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் வற்றித் தெளியும்போது கரையோரம் உற்றுப் பார். தரையில் தட்டு தட்டாகக் குழிகள் தெரிந்தால், பெரும்பாலும் அவை ஆண் ஜிலேபிக் கெண்டைகள் வாயால் மண்ணை அள்ளித் துப்பித் தோண்டியவை. ஜிலேபியும் சிக்லிட் குடும்பம்தான். பெண் மீன் குழியில் முட்டையிட்டு, அவற்றை வாய்க்குள் எடுத்துக்கொண்டு போய்விடும். ஆண் அந்த இடத்தைக் காத்து நிற்கும். இன்னொரு ஆண் வந்தால் துடுப்பை விரிக்கும், செவுளை உப்பும், வாலால் தண்ணீரை அடிக்கும், கடைசியில்தான் வாயோடு வாய் கவ்வும். தோற்றது ஓடிவிட்டால் சண்டை முடிந்தது.

உன் தொட்டியில் ஓட இடமில்லை. 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் என்றால் விளிம்புவரை நிரப்பினாலும் 54 லிட்டர்தான். அது முழுவதும் ஒரே மீனின் எல்லைக்குள் அடங்கிவிடும். தோற்ற மீன் நிறம் மங்கி, துடுப்பை மடக்கிப் பணிந்தாலும் கண்ணுக்கு எதிரிலேயே நிற்கிறது. அதனால் அடி நிற்பதில்லை. குற்றம் மீனின் குணத்தில் இல்லை, இடத்தில்தான்.

நம் நாட்டு மீன் ஒன்றே இதற்குச் சாட்சி. கேரளத்தில் பள்ளத்தி என்று அழைக்கும் மஞ்சள் நிறச் சின்ன மீன், தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான சிக்லிட். 1973இல் நோபல் பரிசு பெற்ற ஆஸ்திரிய அறிஞர் கொன்ராட் லோரன்ஸ், 1963இல் வெளியான நூலில் இந்த மீனைப் பற்றி எழுதியிருக்கிறார். சின்னத் தொட்டியில் ஒரு ஜோடியை மட்டும் விட்டால் ஆண் தன் பெண்ணையே தாக்கும். நடுவில் கண்ணாடி வைத்து அந்தப் பக்கம் இன்னொரு ஜோடியை விட்டால், சீற்றம் கண்ணாடிக்கு அப்பாலுள்ள ஆண்மீது திரும்பும், யாருக்கும் காயமில்லை. கண்ணாடியில் பாசி படர்ந்து அடுத்த ஜோடி மறைந்ததும், மறுபடியும் வீட்டுக்குள் அடி. பாசியைத் துடைத்தவுடன் அமைதி! சீற்றத்தை அழிக்க முடியாது, திசை திருப்பலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

ஆகவே இடத்தை மாற்று. நான்கடித் தொட்டி, ஒன்றரை அடி அகலமும் உயரமும் இருந்தால் ஏறத்தாழ 240 லிட்டர் கொள்ளும். கற்களையும் வாயுடைந்த மண்சட்டிகளையும் அடுக்கி, ஒரு முனையிலிருந்து பார்த்தால் மறுமுனை தெரியாதபடி மறைப்புகள் உண்டாக்கு. பார்வை அறுந்தால் துரத்தலும் அறும். பெரிய கற்களை மணல்மேல் வைக்காதே. முதலில் அடிக்கண்ணாடிமேல் பதித்து, பிறகு மணல் போடு. இவை தோண்டும் மீன்கள், கல் சரிந்தால் கண்ணாடியே விரிசல் விடும்.

மலாவி ஏரி மீன்கள் என்றால் ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண்கள் வேண்டும். அனுபவசாலிகள் அவற்றைக் கொஞ்சம் நெருக்கமாகவே வளர்ப்பார்கள். அடி ஒரே மீன்மேல் விழாமல் பலவற்றுக்கும் பிரிந்துபோகும். ஆனால் வலுவான ஃபில்டர் இல்லாமல் அதைச் செய்தால் சண்டைக்கு முன் கழிவே மீன்களைக் கொன்றுவிடும். புது மீன் விடும் நாளில் கற்களின் இடத்தை மாற்றிவிடு, விளக்கை அணைத்துவிடு. பழைய எல்லை கலைந்துபோனால் எல்லா மீனும் புதுக்குடிதான்.

தண்ணீர் மாற்றுவதிலும் நிதானம் வேண்டும். ஆண் ஜிலேபி தன் ஆதிக்கத்தைச் சிறுநீரின் வாசனை வழியாக எதிரிக்கு அறிவிக்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். தண்ணீரைப் பெருமளவு மாற்றினால் அப்படிப்பட்ட அடையாளங்கள் கரைந்து, யார் பெரியவன் என்ற கேள்வி மறுபடி எழும். இதே குடும்பத்து ஏஞ்சல் மீன்களில் நடந்த ஆய்வொன்றில், பாதித் தண்ணீரை மாற்றியபோது சண்டை கூடுதலாகவும், கால் பங்கு மாற்றியபோது குறைவாகவும் இருந்தது. வாரம் ஒருமுறை கால் பங்கு போதும். குழாய்த் தண்ணீரானால் குளோரின் போக ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்திரு.

வால் கிழிந்த மீனை இன்றைக்கே தனித் தொட்டிக்கு மாற்று. மற்ற வேலைகள் பிறகு. பிளவர் ஹார்ன் மீன் வாங்கும் ஆசை இருந்தால், அதற்கென்று தனித் தொட்டி வைத்துவிட்டு வாங்கு. துணை மீன் சேர்ப்பது அந்தத் துணையைப் பலி கொடுப்பதுதான்.

இத்தனைக்குப் பிறகும் ஒன்று அடங்காவிட்டால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடு. வைகையிலோ கண்மாயிலோ மட்டும் விட்டுவிடாதே, தம்பி. ஜிலேபியே நம் ஊர் மீன் அல்ல. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அது 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது.