யானையைப் பார்க்கச் சாய்கிறவர்களின் படகு

நமுனுகுல

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் இரண்டு படகுகளின் படங்களும் கிடைத்தன. ஒரு வருஷம் இன்னொருவரின் படகில் உதவிக்கு நின்றுவிட்டு, இப்போது சொந்தமாக ஒன்றை வாங்கி சேனாநாயக்க சமுத்திரக் குளத்தில் சுற்றுலா ஆட்களை ஏற்றப்போகிறாய். தோட்டத்துப் பிள்ளை தண்ணீரை நம்பிப் போகிறானே என்று லயத்தில் சிலர் பயப்படுகிறார்கள். உன் அம்மா அதைத் "தகரப் போட்" என்று சொல்லிக் கண் கலங்கினார். நானும் இந்த மலையிலிருந்து இறங்கிப்போய் முப்பது வருஷம் மட்டக்களப்பு வாவிக்கரையில் படகும் இஞ்சினும் பழுது பார்த்தவன். எந்த ஆற்றை மறித்த தண்ணீரில் நீ படகோட்டப்போகிறாயோ, அந்தக் கல்லோயா ஆறுகூட பதுளைக்குக் கிழக்கே உள்ள மலைகளில்தான் பிறந்து, கல்முனைக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. மலை ஆளுக்கும் அந்தத் தண்ணீருக்கும் உறவு உண்டு.

இரண்டும் அலுமினியப் படகுகள். முதல் படகு பன்னிரண்டு அடி நீளம், நாலரை அடி அகலம். தட்டையான அடி, ரிவெட் அடித்துச் சேர்த்த தகடு, 25 குதிரைவலு டூ-ஸ்ட்ரோக் இஞ்சின். இரண்டாவது பதினான்கு அடி நீளம், ஐந்தரை அடி அகலம். வெல்டிங் செய்த உடல், லேசாக V போல இறங்கும் அடி, 15 குதிரைவலு ஃபோர்-ஸ்ட்ரோக் இஞ்சின். அணியத்தில் ஒரு நசுங்கல் இருக்கிறது, விலையும் கூட. உன் எழுத்தைப் பார்த்தால் மனசு முதல் படகின் பக்கம் சாய்ந்துவிட்டது தெரிகிறது. "சும்மா பறக்கும் அண்ணே" என்று எழுதியிருக்கிறாய்.

எங்கே பறக்கப்போகிறாய்? அந்தக் குளத்தின் நீரேந்து காட்டைக் காக்கத்தான் 1954இல் அதைச் சுற்றிக் கல்லோயா தேசியப் பூங்காவை அமைத்தார்கள். உன்னிடம் வருகிறவர்கள் தீவுக்குத் தீவு நீந்துகிற யானையைப் பார்க்கக் காசு கொடுக்கிறார்கள். தும்பிக்கையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு குட்டியோடு நீந்தும் யானைக்குப் பக்கத்தில் இஞ்சினை அடக்கி, தள்ளி நின்று காட்டுவதுதான் உன் தொழில். அதன் வழியைக் குறுக்கே வெட்டக்கூடாது. நாளில் பெரும்பகுதி மெதுவாகத்தான் போவாய்.

அந்த நேரத்தில் படகுக்குள் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார். "அதோ!" என்று ஒருவர் கத்துவார். எல்லோரும் எழும்புவார்கள். எல்லோரும் ஒரே பக்கம் போவார்கள். கையில் கேமரா இருக்கும், பிடிமானம் இருக்காது. 2009 செப்டெம்பர் 30 அன்று இந்தியாவின் தேக்கடியில், முல்லைப் பெரியாறு ஏரியில், 'ஜலகன்யகா' என்ற புதுப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் நின்ற விலங்குகளைப் பார்க்க ஆட்கள் ஒரு பக்கமாக நகர்ந்தபோதுதான் படகு சரிந்தது என்று உயிர் பிழைத்தவர்கள் சொன்னார்கள். அது இரண்டு தட்டுப் பெரிய படகு, உன்னுடையது சின்னது. ஆனால் தண்ணீர், காடு, விலங்கு, பார்க்கத் துடிக்கிற சனம் எல்லாம் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். நம் நாட்டிலும் 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் அது நடந்தது.

ஆகவே படகைப் பார்க்கும்போது முதலில் அகலத்தைப் பார். ஆட்கள் அசைகிறபோது சரியாமல் பிடித்து நிறுத்துவது அதுதான். ஆறு மீற்றருக்குக் குறைந்த படகுகளுக்கு அமெரிக்கக் கரையோரக் காவல்படை ஒரு சுலபமான கணக்கு வைத்திருக்கிறது. நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15ஆல் வகுத்தால் எத்தனை பேர் ஏறலாம் என்று வரும். உன் முதல் படகுக்கு 12 தர 4.5, அதாவது 54; வகுத்தால் மூன்று பேரும் மிச்சமும். அந்த மிச்சத்தை ஆளாகக் கணக்கெடுக்காதே. உன்னையும் சேர்த்துத்தான் மூன்று. இரண்டாவதுக்கு 77, வகுத்தால் ஐந்து. அமைதியான தண்ணீருக்கு, நல்ல காலநிலைக்குச் சொன்ன கணக்கு இது. நீ "ஆறு பேர் ஏத்தினாத்தான் அண்ணே கட்டும்" என்று எழுதியிருக்கிறாய். இரண்டில் எந்தப் படகிலும் ஆறு பேர் ஏற முடியாது. கடன் தவணையை, உன்னை விட்டு மிஞ்சும் நான்கு பேரை வைத்துக் கணக்குப் போடு. வரவில்லையென்றால் இந்த வருஷம் வாங்காதே.

தட்டையான அடி, நின்ற தண்ணீரில் நன்றாகத்தான் இருக்கும். காலை வைத்து ஏறும்போது அசையாது. ஆனால் கச்சான் காற்று வீசுகிற மாதங்களில், பின்னேரம் அந்தப் பரந்த குளத்தில் எழும்புகிற அலையை நீயே பார்த்திருப்பாய். தட்டை அடி ஒவ்வொரு அலையிலும் அறைந்து அறைந்து போகும். ஒவ்வொரு அறையும் ரிவெட்டைக் கொஞ்சம் தளர்த்தும். யானை அதிகம் தெரிகிற மாசி கழிந்த காலமும் கச்சானின் தொடக்கமும் ஒன்றோடொன்று உரசி வருவதால், அந்த அலையிலிருந்து நீ ஒதுங்கி இருக்க முடியாது.

ரிவெட்டுக்காகவும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். வெல்டிங் உடைந்தால் ஆர்கன் வாயு வைத்து அலுமினியம் ஒட்டத் தெரிந்தவரைத் தேடிப் போக வேண்டும். இரும்பு ஒட்டுகிற கடைக்காரர் கைவைத்தால் ஓட்டைதான் மிஞ்சும். ரிவெட் தளர்ந்தால் சுத்தியலும் ஒரு உதவியாளும் போதும். பல வருஷம் ரிவெட் படகைத்தான் நான் விரும்பினேன். ஆனால் அது தனியாக மீன் பிடிக்கப்போகிறவனுக்கு. சனம் ஏற்றுகிறவனுக்கு வெல்டிங் செய்த தடித்த தகடே மேல். அந்தக் குளத்தில் தண்ணீர் வற்றும்போது பட்டமரங்களின் நுனிகள் மேற்பரப்புக்கு ஒரு சாண் கீழே நிற்கும். மெல்லிய தகட்டுக்கு அது கத்தி.

இஞ்சினுக்கு வருகிறேன். பன்னிரண்டு அடிப் படகின் பின்னால் 25 குதிரைவலு இஞ்சினைத் தொங்கவிட்டால் பின்பக்கம் தாழ்ந்துவிடும். வேகமாகப் போய்ச் சட்டென்று முறுக்கைக் குறைத்துப் பார். நீ எழுப்பின அலையே பின்னாலிருந்து உன்னை முந்தி, இஞ்சின் மாட்டிய சுவருக்கு மேலாக உள்ளே ஏறும். அந்தச் சுவரின் உயரத்தை அளந்து பார். சின்ன இஞ்சின்களின் ஷாப்ட் 15 அங்குலம், அடுத்தது 20 அங்குலம். புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டைத் தகடு படகின் அடியோடு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். மேலே நின்றால் காற்றைக் கிழிக்கும், கீழே நின்றால் தண்ணீரை இழுக்கும்.

இன்னொன்று. விற்பவர் இஞ்சினை இங்கே மலைக்குக் கொண்டுவந்து பீப்பாய்த் தண்ணீரில் ஸ்டார்ட் பண்ணிக் காட்டுகிறேன் என்கிறாராம். வேண்டாம். உயரம் ஏற ஏற இஞ்சினின் பலம் குறையும், ஆயிரம் மீற்றருக்குப் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள். இங்கே பார்க்கிற பலமும் கடல்மட்டத்திலிருந்து நூறு மீற்றர் உயரம்கூட இல்லாத அந்தக் குளத்தில் கிடைக்கிற பலமும் வேறு. பாரத்தோடு, தண்ணீரில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும். குளிர்விக்கிற தண்ணீர் பக்கத்துத் துவாரத்தால் விடாமல் பீய்ச்சுகிறதா, கையில் கட்டும் நிறுத்துக் கயிறு இழுத்தவுடன் இஞ்சினை அணைக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடு.

படகை வாங்குமுன் அதைக் கட்டைகளின் மேல் தூக்கி வை. உள்ளே ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்று. அரை மணி நேரம் வெளியே குனிந்து கையால் தடவிப் பார். எந்த ரிவெட், எந்த மூட்டு ஈரமாகிறதோ அங்கேதான் ஓட்டை. அணியத்து நசுங்கல் எனக்குப் பயமில்லை. நசுங்கல் ஓரத்தில் மயிர்க்கோடு போல வெடிப்பு இருந்தால் மட்டும் பயம். இருக்கைகளுக்கு அடியில் மிதக்கும் நுரைக்கட்டி இருக்கிறதா என்று பார். அலுமினியம் மரம் அல்ல, தண்ணீர் நிரம்பினால் கல்லாகத் தாழும். அந்த நுரைதான் ஆட்களைப் பிடித்துவைக்கும்.

இளவயதில் நான் செய்த ஒரு பிழை உனக்குப் பயன்படட்டும். ஒரு படகின் அடியில் தேங்கிய தண்ணீருக்குள் செம்புக் கம்பித் துண்டு ஒன்றை மறந்து விட்டுவிட்டேன். வாவியின் உப்புத்தண்ணீரில் அது கிடந்த இடத்தில் தகடு அரித்து, ஊசி நுழையும் ஓட்டை விழுந்தது. உரிமையாளர் நடுத் தண்ணீரில் கோப்பையால் இறைத்துக்கொண்டே கரை சேர்ந்தார். உன் குளத்தில் அவ்வளவு வேகமாக அரிக்காது. ஆனாலும் செம்பு, பித்தளை, சில்லறைக் காசு எதுவும் அடியில் தேங்கவிடாதே. செம்பு கலந்த பெயின்ட் அடிக்காதே.

வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி, படகுப் பதிவு, காப்புறுதி எல்லாவற்றையும் படகுக்கு முன்பணம் கொடுக்குமுன் விசாரித்து முடி. உயிர்காப்பு அங்கியைக் குழந்தைகளின் அளவிலும் வாங்கு. பெரியவர்களின் அங்கியிலிருந்து சின்னப் பிள்ளை வழுக்கி இறங்கிவிடும்.

இரண்டாவது படகை எடு, தம்பி. பணம் போதவில்லையென்றால் ஆறு மாதம் பொறு. வரும் ஞாயிற்றுக்கிழமை பசறைக்கு வா. அங்கிருந்து லுணுகலை, பிபிலை வழியாக நானும் உன்னோடு வருகிறேன். நல்ல உடம்புள்ள மூன்று கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு வா. அங்கி மாட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் படகை நிறுத்தி, ஐந்து பேரும் ஒரே பக்கம் சாய்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் அண்ணன்