இசைத்தொகையும் அதன் அன்பரும்

இசையானது செவி வழியே புகுந்து உள்ளத்தைத் தன்வயப்படுத்தும் ஆற்றலுடையது என்பது யாவரும் அறிந்ததே. ஆயின், ஒரு தனிப்பாடலின்மேல் எழும் விருப்பம் வேறு. பல பாடல்கள் ஓர் ஒழுங்கில் அமைந்த தொகையின்மேல் எழும் பற்று வேறு. திரைப்படத்திற்கென ஆக்கப்பட்ட பாடல்கள் இசைத்தட்டாகவும் ஒலிநாடாவாகவும் வெளிப்போந்து, படத்தை மறந்த பின்னரும் மக்களால் உறவுபோற் போற்றப்படுவது எதனால் என்பதை, எம் பிறந்தகமாகிய கம்பம் பள்ளத்தாக்கினை இடமாகக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், 1895-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற பெரியாற்று அணையின் நீரால் நெல்லும் திராட்சையும் விளையப் பொலிவது இந்நிலம். இதன்கண் உள்ள பண்ணைப்புரத்தில் 1943-ஆம் ஆண்டு பிறந்தவர் இசையமைப்பாளர் இளையராஜா. இளமையில் தம் தமையனார் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர்தோறும் சென்று, பொதுவுடைமைக் கட்சியின் மேடைகளில் இசைத்தவர் அவர். 1976-இல் வெளிவந்த ‘அன்னக்கிளி’ அவர் இசையமைத்த முதற்படம். இயக்குநர் பாரதிராஜா தேனி அல்லிநகரத்தினர். கவிஞர் வைரமுத்து வடுகபட்டியில் வளர்ந்தவர். இம்மூவரும் ஒருங்கு சேர்ந்த முதற்படம் 1980-இல் வெளிவந்த ‘நிழல்கள்’ ஆகும்.

ஆகவே, ‘எம்மவர் பாடல்’ என்னும் பெருமிதமே எம்மூர் மக்களின் பற்றுக்குக் காரணம் எனச் சிலர் கூறுவர். அது ஓரளவே பொருந்தும். எங்கள் மலைகளைக் கண்டறியாத ஈழத்தாரும் சிங்கப்பூர்த் தமிழரும் அப்பாடல்களை அவ்வாறே போற்றக் காண்கின்றோம். படத்தின் கதையே காரணம் என்பர் வேறு சிலர். அதுவும் அமையாது. ‘நிழல்கள்’ திரையரங்குகளில் வெற்றி பெறாத படம். அதன் பாடல்களோ இன்றும் பாடப்படுகின்றன. அத்தட்டில் எஸ். ஜானகி பாடிய ஒரு பாடல் படத்தில் இடம்பெறவேயில்லை. அடுத்து 1981-இல் வந்த ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்திற்கும் அவ்வாறே நேர்ந்தது. அதன் தட்டில் ஜானகி பாடிய ‘புத்தம் புதுக் காலை’ திரையில் காட்டப்பெறவில்லை. காட்சியும் கதையும் இன்றி, ஒலி ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு அப்பாடல் வாழ்ந்தது. 2014-இல் ‘மேகா’ என்னும் படத்தில் அது மீண்டும் எடுத்தாளப்பட்டது. இடைப்பட்ட முப்பத்து மூன்று ஆண்டுகளும் அதனைக் காத்தவர் கேட்போரே அன்றோ?

நிற்க. இப்பற்றின் வேர் யாதெனின், கேட்ட முறையிலேயே அது உள்ளது என்பது எம் கருத்து. இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் ஒரு பாடலைத் தாண்டி மற்றொன்றுக்குச் செல்லுதல் எளிதன்று. தட்டாயின் முள்ளைத் தூக்கி வேறிடத்தில் வைத்தல் வேண்டும். நாடாவாயின் முன்னோக்கி ஓட்டி, நிறுத்திப் பார்த்து, மீண்டும் ஓட்டுதல் வேண்டும். எனவே மக்கள் வைத்தது வைத்தவாறே கேட்டனர். அவ்வாறு நூறு முறை கேட்ட செவிக்கு, ஒரு பாடலின் முடிவே அடுத்த பாடலின் தோற்றுவாய் ஆயிற்று. முதற்செய்யுளின் ஈறு அடுத்த செய்யுளுக்கு முதலாக வருவதனை அந்தாதி என்கின்றோம். கேட்போர் நெஞ்சில் அமைந்த இத்தொடரும் எழுதப்படாத ஓர் அந்தாதியே.

சங்கப் பாடல்களும் தனித்தனியே பிறந்தவைதாம். பின்வந்தோரே அவற்றைத் தொகை ஆக்கினர். அகநானூற்றின் 400 பாடல்களுள் ஒற்றையெண் பெற்றன எல்லாம் பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி. 4 என முடிவன முல்லை. 6 என முடிவன மருதம். 10, 20 என வருவன நெய்தல். ஒரு பாடலை அதன் எண்ணினின்றும் பெயர்த்தால் பாட்டு கெடாது, தொகை கெடும். பாடினார்க்கேயன்றித் தொகுத்தார்க்கும் நூலிற் பங்குண்டு என்பதை இவ்வைப்புமுறை காட்டுகின்றது.

எம் பள்ளத்தாக்கிலும் அத்தகைய தொகுப்பாளர் பலர் இருந்தனர். விரும்பிய பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால், வெற்று நாடாவில் பதிந்து தரும் கடைகள் அந்நாளில் இருந்தன. எம் அம்மாச்சி அக்காலத்தில் விடியுமுன் ஜீப்பேறிக் கம்பம்மெட்டு வழியே கேரளத்து ஏலத்தோட்டத்திற்குக் கூலிவேலைக்குச் சென்றவர். கூலியில் மிச்சம் பிடித்துப் பன்னிரண்டு பாடல்களைப் பதிந்துகொண்ட 60 நிமிட கேசட் ஒன்று அவரிடம் இருந்தது. நாள்தோறும் ஜீப்பு புறப்படும்போது ஓட்டுநர் அதனை முதலிலிருந்து ஓடவிடுவாராம்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் அதனைக் கேட்கும் ஆவலால் பழைய டேப்ரிக்கார்டரில் இட்டோம். நாடா சிக்கி அறுந்தது. பென்சிலை நுழைத்து மெல்லச் சுற்றித் தளர்த்திய பின்னரே இட்டிருத்தல் வேண்டும். எம் அவசரமே பிழை. பெரிதும் வருந்தி, அம்மாச்சி சொன்ன பாடல்களைக் கைப்பேசியில் தேடி எடுத்துத் தந்தோம். ஈடு செய்துவிட்டோம் என்றே எண்ணினோம். முதற்பாடல் முடிந்து வேறொன்று தொடங்கியதும் அவர் தலையசைத்து, “பாட்டெல்லாஞ் சரிதான்யா, ஆனா இதுக்குப் பின்னால இது வராதே” என்றார்.

அட்டையில் எழுதியிருந்த பட்டியல் ஈரத்தில் ஊறி அழிந்துபோயிருந்தது. ஆதலின் ஒவ்வொரு பாடலும் முடியும்வரை அவர் அருகே காத்திருந்தோம். முடிந்த நொடியில் அடுத்ததன் தொடக்கத்தை அவர் முணுமுணுப்பார், யாம் எழுதிக்கொள்வோம். இவ்வாறு பதினொரு பாடல்களின் வரிசை கிடைத்தது. முதற்பக்கத்து ஐந்தாம் பாடல் மட்டும் கிடைத்திலது. காரணம் வினவியபோது, “அது வாரப்ப ஜீப்பு வளைவுல ஏறும், அந்தச் சத்தத்துல எங்க கேட்டுச்சு” என்றார். புறநானூற்றில் 267, 268 ஆகிய இரு பாடல்கள் கிடைத்தில. ஆயினும் அவ்வெண்களை வேறு பாடலுக்கு எவரும் தந்திலர். யாமும் ஐந்தாம் இடத்தை வெறுமையாக விட்டே எழுதி வைத்தோம்.

இதுகாறும் கூறியவற்றால், இசைத்தொகையின்மேல் எழும் பற்று, படத்தின்மேலோ புகழின்மேலோ எழுந்ததன்று. தாம் வாழ்ந்த நாளோடும் நடந்த வழியோடும் பாடல்கள் ஒருங்கு கோக்கப்பட்ட வரிசையின்மேல் எழுந்தது என்பது பெறப்படும். பாடல்கள் அழியமாட்டா; அவற்றைக் காக்க இன்று கருவிகள் பல உள. வரிசையோ முதியோர் செவியில் மட்டுமே எஞ்சியுள்ளது. ஏட்டுச்சுவடிகள் செல்லுக்கு இரையானமை குறித்து வகுப்பில் இரங்கும் மாணவ நண்பர்காள்! நும் இல்லத்துப் பழம்பெட்டியில் ஒரு கேசட் கிடக்குமாயின், எம்மைப்போல் விரைந்து ஓடவிடாதீர். முதற்கண் அதன் அட்டையிலுள்ள பட்டியலைப் படியெடுத்துக்கொள்ளுங்கள். அட்டை அழிந்திருப்பின், அதனைக் கேட்டவர் அருகே அமர்ந்து, அடுத்து வருவது யாதெனக் கேளுங்கள்.