காவல் நாய்க்கும் ஒரு காவல் வேண்டும்

நெசவாளர் தெருவிலும் உழவர் களத்திலும் நாய் இல்லாத வீடு அரிது. இரவில் தறியிலுள்ள பாவையும் நூலையும் அது காக்கிறது. களத்தில் குவித்த நெல்லையும் தொழுவத்தில் கட்டிய கன்றையும் காக்கிறது. கூலி கேளாது உழைக்கும் இக்காவலாளிக்கு நாம் சோறிடுகிறோம், பெயரிட்டு அழைக்கிறோம். ஆயின், அதற்குத் தடுப்பூசி போடப்பட்டதா என்று வினவினால் நம்மில் பலர் விடை கூறத் தயங்குவர். “வீட்டு நாய்தானே, அது யாரைக் கடிக்கப் போகிறது?” என்பாரும் உண்டு. இவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதையும், ஊசி போடும் முறை யாது என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

நோயின் இயல்பு

வெறிநோய் அல்லது ரேபிஸ் என்பது வைரஸ் எனப்படும் மிக நுண்ணிய கிருமியால் உண்டாவது. அக்கிருமி நோயுற்ற விலங்கின் உமிழ்நீரில் இருக்கிறது. கடியின் வழியாகவோ, புண்பட்ட தோலை நக்குவதன் வழியாகவோ உடலினுள் புகுகிறது. பின்னர் நரம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல மூளையை நோக்கிச் செல்கிறது. இப்பயணத்திற்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். சில வேளைகளில் ஒரு வாரத்திலும் முடியலாம், ஓர் ஆண்டும் ஆகலாம். மூளையை அடைந்து நோய்க்குறி தோன்றிவிட்டால் மரணம் ஏறக்குறைய உறுதி. அதன்பின் காப்பாற்றத்தக்க மருந்து இன்றளவும் இல்லை. மனிதருக்கு வரும் இந்நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாயிடமிருந்தே வருகிறது. அதனால் இறப்போரில் குழந்தைகள் மிகுதி.

வெறிகொண்ட நாய் எப்பொழுதும் பாய்ந்து கடிக்கும் என்று எண்ணலாகாது. சில நாய்கள் காரணமின்றிக் கடிக்கும், குரல் மாறும், மண்ணையும் மரத்துண்டையும் விழுங்கும். வேறு சில சாதுவாக ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும், கீழ்த்தாடை தொங்கும், எச்சில் ஒழுகும். தொண்டையில் எலும்பு சிக்கியது என்று கருதி வாயினுள் கைவிடுவோர் பேராபத்திற்கு உள்ளாவர். நாய் கடித்த பசுவும் இவ்வாறே உமிழ்நீர் ஒழுக நிற்கும். அடைப்பு என்று எண்ணி அதன் வாயில் கை நுழைக்கும் உழவரும் இதனை நினைவில் கொள்ளவேண்டும்.

தடுப்பூசி வந்த வரலாறு

பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், வெறிநாயால் கடிபட்ட ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் மருந்தை முதன்முதலாக அளிக்கச் செய்தார். சிறுவன் பிழைத்தான். நம் நீலகிரியிலுள்ள குன்னூரில் 1907-ஆம் ஆண்டு பாஸ்டர் நிலையம் தொடங்கப்பெற்றது. கடிபட்டோர் தொப்புளைச் சுற்றிப் பல ஊசிகள் போட்டுக்கொண்ட காலத்தை முதியோர் அறிவர். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அப்பழைய மருந்து 2005-ஆம் ஆண்டுக்குப் பின் நம் நாட்டில் தயாரிக்கப்படுவதில்லை. இன்றைய ஊசி கையில் போடப்படுவது; வலி குறைந்தது.

நாய்க்கு ஊசி போடும் முறை

குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் முதல் ஊசி போடவேண்டும். சில வாரங்கள் கழித்து மருத்துவர் கூறும் நாளில் மீண்டும் ஒருமுறையும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையும் போடுதல் முறை. முதல் ஊசி போட்டவுடனே காப்பு வந்துவிடாது. அது உடலில் ஊன்ற மூன்று நான்கு வாரங்கள் ஆகும்.

மருந்து எப்பொழுதும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருத்தல் வேண்டும். வெயிலில் கிடந்த மருந்து வீண். ஆகவே கடையில் வாங்கித் தாமே குத்த முற்படாமல், கால்நடை மருந்தகத்திற்கு நாயை அழைத்துச் செல்க. அங்கு நாயின் வாயைக் கட்டி, அதற்குப் பழகியவரே பிடித்துக்கொள்வது நன்று. காய்ச்சலோ கழிச்சலோ உள்ள நாய்க்கு அது தேறிய பின்னரே போடவேண்டும். சினை நாயாயின் முன்னரே மருத்துவரிடம் கூறுக.

ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே காத்திருத்தல் நலம். ஓரிரு நாள் சோர்வும் ஊசியிட்ட இடத்தில் சிறு வீக்கமும் இருக்கலாம், அஞ்ச வேண்டுவதில்லை. முகம் வீங்கினாலும் மூச்சுத் திணறினாலும் உடனே மருத்துவரிடம் காட்டுக. ஊசி போட்ட நாளைக் குறித்த அட்டையைக் குடும்ப அட்டையுடன் வைத்துப் பேணுக.

குட்டிகளைக் கொல்லும் பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்கும் தடுப்பூசி உண்டு. அதனை ஆறு அல்லது எட்டு வார வயதிலேயே தொடங்கலாம்.

ஒருவர் செய்தால் போதுமா?

இங்கேதான் கூட்டுறவின் பாடம் வருகிறது. ஓரிடத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதேனும் ஊசி பெற்றால் நோய் பரவும் தொடர் அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. நம் தெருவில் முப்பது நாய்கள் இருப்பின் இருபத்தொரு நாய்களுக்கு ஊசி வேண்டும். பத்து வீட்டார் மட்டும் போட்டால் அவர்தம் நாய்களுக்குக் காப்பு உண்டு; தெருவுக்கு இல்லை. ஆண்டுதோறும் புதுக் குட்டிகள் பிறப்பதால் சென்ற ஆண்டின் கணக்கு இவ்வாண்டுக்கு உதவாது. ஒருவர் பங்கு செலுத்தி மற்றவர் செலுத்தாத சங்கம் நிலைக்குமோ? இதுவும் அத்தகையதே.

உரிமையாளரில்லாத தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்து ஊசி போடுதல், 2023-ஆம் ஆண்டின் விதிகளின்படி உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பு. ஊரார் ஒன்றுகூடி அதனைக் கேட்டுப் பெறவேண்டும்.

கடிபட்டால்

ஊசி பெற்ற நாயே கடித்தாலும், குட்டியே பிராண்டினாலும் புறக்கணிக்கலாகாது. உடனே புண்ணைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவுக. சுண்ணாம்பு, மிளகாய்த் தூள், காப்பித் தூள் எதனையும் அப்பாதீர். வேர் கட்டியும் மந்திரித்தும் நாளைக் கழிக்காதீர். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ செல்க. அங்கு ஊசி இலவசம். குறித்த நாட்களில் ஒன்றையும் தவறவிடலாகாது. இரத்தம் வரும் கடிக்குப் புண்ணிலேயே இடும் எதிர்ப்புரத மருந்தும் தேவை. அதனைக் கேட்டுப் பெறுக. கடித்த நாயை அடித்துக் கொல்லாமல் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்கவேண்டும். ஆனால் அதற்காக மருத்துவத்தைத் தள்ளிப்போடலாகாது.

செப்டம்பர் 28, பாஸ்டர் மறைந்த நாள். அது உலக வெறிநோய்த் தடுப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதற்கு முன்னரே ஒவ்வொரு சங்கமும் தன் தெருக்களின் நாய்களை எண்ணி, கால்நடை மருத்துவரை அழைத்து, சங்கக் கட்டடத்து முன்றிலில் ஒருநாள் முகாம் நடத்தலாம். அதற்கு ஆகும் செலவு சிறிது. அது காக்கும் உயிர் நம் வீட்டுக் குழந்தையின் உயிராகவும் இருக்கலாம்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. நம் தெருவில் எத்தனை நாய்கள் உள்ளன? அவற்றுள் எத்தனைக்கு இவ்வாண்டு ஊசி போடப்பட்டது?

2. சாதுவாக ஒடுங்கிக் கிடக்கும் நாயும் ஆபத்தானது என்பது ஏன்?

3. அடுத்த பொதுக்கூட்டத்தில் இதுகுறித்துத் தீர்மானம் கொண்டுவர நம்மில் யார் முன்வருவர்?