கடல் கடந்த தொலைபேசிச் சந்திப்பு: நேரத்தைப் பிழையின்றிக் குறிக்கும் முறை

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்வதால், 15 பாகைத் தீர்க்கரேகைக்கு ஒரு மணி வீதம் நேரம் வேறுபடுகிறது. இவ்வடிப்படையில் ஒரே கடிகார நேரத்தைப் பின்பற்றும் நிலப்பரப்பு நேர வலயம் எனப்படும். 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை ஆதாரமாகக் கொண்ட இந்திய நேரம், உலக நேரங்களுக்கெல்லாம் அளவுகோலான யூ.டி.சி. எனும் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. இக்கணக்கு அறிந்தவர்களும் குறித்த நேரத்தைத் தவறவிடுவதற்கு, அதைச் சொல்லும் முறையில் உள்ள குறையே பெரும்பாலும் காரணமாகிறது. சென்னையில் இருப்பவரும் நியூயார்க்கில் இருப்பவரும் பேச நாள் குறிப்பதை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பின்பற்ற வேண்டிய படிகளைக் காணலாம்.

1. ஊர்ப் பெயரால் குறித்தல்: ஐ.எஸ்.டி. என்ற சுருக்கம் இந்தியா, அயர்லாந்து, இஸ்ரேல் ஆகிய மூன்று நாடுகளின் நேரத்துக்கும் வழங்குவதாலும், அமெரிக்கா போன்ற நாடுகளில் பல வலயங்கள் இருப்பதாலும், சுருக்கத்தையும் நாட்டின் பெயரையும் தவிர்த்து, "நியூயார்க் நேரம்" என ஊரைச் சுட்டுவதே தெளிவு தரும்.

2. கோடை நேரத்தைச் சரிபார்த்தல்: கோடையில் மாலை வெளிச்சம் நீடிப்பதற்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்தும் ஏற்பாடு கோடை நேரம் எனப்படும். இது நியூயார்க்கில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும், லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறன்றும் தொடங்குகிறது. இந்தியாவில் இவ்வழக்கம் இல்லை. ஆகவே, நேரம் குறிக்கும் நாளில் உள்ள வேறுபாட்டை விடுத்து, பேசப்போகும் நாளில் இருக்கும் வேறுபாட்டையே கணக்கில் கொள்ள வேண்டும்.

3. பொது நேரத்தின் வழியே மாற்றுதல்: நியூயார்க்கில் இருப்பவர் 2026 மார்ச் 12, வியாழன் இரவு 9 மணியைக் குறித்தால், மார்ச் 8 அன்றே அங்குக் கோடை நேரம் தொடங்கி, யூ.டி.சி.யைவிட 4 மணி பிந்தியிருப்பதால், அதனுடன் 4 மணியைக் கூட்ட, யூ.டி.சி. வெள்ளி அதிகாலை 1 மணி என வரும், மேலும் 5.30 மணியைக் கூட்டினால் சென்னையில் வெள்ளி காலை 6.30 மணியாகும். குளிர்காலக் கணக்கையே நம்புபவர் 7.30 மணிக்கு, அதாவது ஒரு மணி தாமதமாக அழைப்பார்.

4. கிழமையையும் தேதியையும் சேர்த்தல்: பஞ்சாங்க நாள் சூரிய உதயத்திலும் அலுவல் நாள் நள்ளிரவிலும் தொடங்குவதால், "வியாழன் இரவு 1 மணி" என்பது பேச்சு வழக்கில் பெரும்பாலும் வெள்ளி அதிகாலையையே குறிக்கிறது. இக்குழப்பம் நேராதிருக்க, இரு ஊர்களின் தேதி, கிழமை, முற்பகல் பிற்பகல் வேறுபாடு ஆகிய அனைத்தையும் எழுத வேண்டும். "இரவு 12 மணி" என்பதற்கு மாற்றாக 11.45 அல்லது 12.15 எனக் குறிப்பது நலம்.

5. எழுத்தில் உறுதிசெய்தல்: "நியூயார்க்: மார்ச் 12, வியாழன், இரவு 9.00, சென்னை: மார்ச் 13, வெள்ளி, காலை 6.30, அழைப்பு சென்னையிலிருந்து வரும்" என்ற செய்தியை இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அழைப்பவர் யார் என்பதைச் சேர்க்காவிடில், இருவருமே மற்றவர் அழைப்புக்காகக் காத்திருக்க நேரும்.

6. தொடர் சந்திப்புக்கு ஓர் ஊரை ஆதாரமாக்குதல்: வாரந்தோறும் பேசுவதாயின், எந்த ஊரின் கடிகாரப்படி சந்திப்பு நேரம் மாறாதிருக்கும் என முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். நியூயார்க் நேரத்தை நிலையாகக் கொண்டால், சென்னையில் இருப்பவர் மார்ச் மாதத்தில் ஒரு மணி முன்னதாகவும், நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பின் மீண்டும் ஒரு மணி தாமதமாகவும் தொலைபேசியின் அருகே இருக்க வேண்டும்.