இருபது எண்கள், இரண்டு விடைகள்

பென்ரோஸ், ஆக்லாந்து

அன்புத் தம்பிக்கு,

ஒரே இருபது எண்களை ஒருவிதமாகச் சோதித்தால் வேறுபாடு உண்டு என்கிறது, இன்னொரு விதமாகச் சோதித்தால் இல்லை என்கிறது, எதை நம்புவது என்று கேட்டிருந்தாய்.

முதலில், "இல்லை" என்று எந்தச் சோதனையும் சொல்லாது. பி மதிப்பு 0.05ஐத் தாண்டியதும் "சராசரிகள் சமம்" என்று எழுதும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடு. வேறுபாடே இல்லை என்ற இன்மைக் கருதுகோளைத் தள்ள இந்தத் தரவு போதவில்லை, அவ்வளவுதான். விடைத்தாளில் அந்தச் "சமம்" என்பதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும்.

நீ எடுத்தது 'ஆர்' மென்பொருளோடு வரும் தூக்க மருந்துத் தரவு. அந்த ஆர் நம் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் தொடங்கியது. நீ தினமும் ரயிலேறிப் போகும் இடம்தான். தரவு அதைவிடப் பழையது. 1905இல் குஷ்னியும் பீபிள்ஸும் வெளியிட்டதை, டப்ளின் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த காசெட் 1908இல் எடுத்தாண்டார். 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் அவர் எழுதிய அந்தக் கட்டுரையை ஒருமுறையாவது படி. கையில் நாலைந்து அளவீடுகளே இருப்பவனின் கவலை அதில் தெரியும். இன்றைய பாடநூல்களில் அது காணாமல் போய்விட்டது.

பத்து நோயாளிகள், இரண்டு மருந்துகள். கூடுதல் தூக்கத்தின் சராசரி ஒன்றில் 0.75 மணி, மற்றதில் 2.33. வேறுபாடு 1.58, நீ எப்படிச் சோதித்தாலும் இது மாறாது. மாறுவது, டி மதிப்பைக் காண இந்த வேறுபாட்டை வகுக்கும் திட்டப் பிழை. இரண்டு தனிக் குழுக்களாகக் கொண்டால் அது 0.85, டி 1.86, பி 0.079. ஆனால் இரண்டையும் உட்கொண்டவர்கள் அதே பத்துப் பேர்! ஒருவருக்கு 0.7, 1.9; இன்னொருவருக்கு 3.7, 5.5. மருந்து எதுவானாலும் நன்றாகத் தூங்குபவர் தூங்குகிறார். ஆளுக்கு ஆள் உள்ள அந்த ஏற்றத்தாழ்வைக் கழித்துவிட்டால் திட்டப் பிழை 0.39 ஆகிறது, டி 4.06, பி 0.003. ஆகவே இணைச் சோதனைதான் சரி. பி சிறிதாக வந்ததற்காக அல்ல, தரவு சேகரிக்கப்பட்ட விதத்துக்காக. விடையைப் பார்த்துச் சோதனையைத் தேர்ந்தெடுப்பவன் புள்ளியியல் செய்யவில்லை.

இன்னொன்று. ஒன்பதாவது நோயாளியின் வேறுபாடு மட்டும் 4.6. அவரை நீக்கினால் சராசரி வேறுபாடு 1.24ஆகக் குறைகிறது, டி மட்டும் 5.66க்கு ஏறுகிறது. ஏன் என்று திட்ட விலக்கத்தைக் கையால் கணக்கிட்டுப் பார்த்து எனக்கு எழுது. கணினியைத் தொடாதே.

அன்புடன்,
உன் ஆசிரியர்