சுற்று ரோடு சுலபமாவது எப்படி?
(ஒரு பூங்கா, ஒரு சைக்கிள், ஒரு கணக்கு)

சைக்கிள் ஓட்ட சுலபமான ரோடு எது? மேடு இல்லாத ரோடு என்று உடனே சொல்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அது பாதி பதில்தான். மீதியைச் சொல்ல அமெரிக்காவில் உள்ள ஒரு பூங்காவுக்குப் போவோம்.

நியூயார்க் நகரத்தில் மன்ஹாட்டன் பகுதியில் சென்ட்ரல் பார்க் இருக்கிறது. பரப்பு 843 ஏக்கர். அதற்குள்ளேயே சுற்றி வருகிற தார் ரோடு சுமார் 10 கி.மீ. இருக்கும். நாலு பக்கமும் வண்டி நெரிசல் உள்ள நகரம். ஆனாலும் உள்ளே சின்னப் பிள்ளைகள்கூட சைக்கிள் ஓட்டுகிறார்கள். அதற்கு மூன்று காரணம் உண்டு.

1. குறுக்கே போகும் ரோட்டைப் பள்ளத்தில் போட்டார்கள்

பூங்காவுக்கு நல்ல வரைபடம் கேட்டு 1857-ல் போட்டி வைத்தார்கள். பூங்காவைக் குறுக்கே கடக்க நாலு ரோடாவது இருக்கணும் என்பது விதி. அப்படி ரோடு போட்டால் பூங்கா துண்டு துண்டாகிவிடும் இல்லையா? 1858-ல் ஜெயித்தவர்கள் பிரெடெரிக் லா ஓம்ஸ்டெட், கால்வெர்ட் வாக்ஸ் என்ற இருவர். அவர்கள் அந்த நாலு ரோட்டையும் தரையை விடத் தாழ்வாகத் தோண்டிப் போடச் சொன்னார்கள். மேலே பாலம் கட்டி மனிதர்கள் போக வழி விட்டார்கள். கீழே சுமை வண்டி போகும், மேலே நடப்பவர் போவார். ரெண்டும் சந்திக்கவே சந்திக்காது.

இதில் ஆச்சரியம் என்ன தெரியுமா? அப்போது காரும் கிடையாது, நாம் இப்போது ஓட்டுகிற மாதிரி சைக்கிளும் கிடையாது. ரெண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவாக, செயின் வைத்த ரோவர் சைக்கிள் 1885-ல்தான் வந்தது. குதிரை வண்டிக் காலத்தில் செய்த யோசனை இன்றைக்குச் சைக்கிளைக் காப்பாற்றுகிறது!

2. எல்லாரும் ஒரே திசை

சுற்று ரோட்டில் சைக்கிள்கள் இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் போகணும். எதிரே சைக்கிள் வராது. அதனால் நேருக்கு நேர் மோதுகிற பயம் குறைவு.

3. காரை வெளியே அனுப்பினார்கள்

பிற்பாடு கார்கள் வந்து இந்தச் சுற்று ரோட்டிலும் ஓடின. கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் குறைத்து, கடைசியில் 2018 ஜூன் 27 முதல் முழுவதும் நிறுத்திவிட்டார்கள். பள்ளத்தில் போகும் நாலு ரோட்டில் மட்டும் கார்கள் இன்னும் போகின்றன.

சரி, மேடு இல்லையா?

இருக்கு! தெற்கிலிருந்து கிளம்பி கிழக்குப் பக்கமாக வடக்கே போனால் முதலில் பூனை மேடு வரும். பாறை மேல் பாய்வதற்குப் பதுங்கியிருக்கும் பூனை இன விலங்கின் வெண்கலச் சிலை இருப்பதால் அந்தப் பேர். வடக்கு முனையில் இறங்கித் திரும்பினால் ஹார்லெம் மேடு. அதுதான் பெரிசு. முடியாதவர்கள் அதற்கு முன்பே குறுக்கு ரோட்டில் திரும்பி, சுமார் 8 கி.மீ. சுற்றோடு முடித்துக்கொள்ளலாம்.

இங்கேதான் நம்ம கணக்கு வருது. சுற்றி வந்து கிளம்பிய இடத்துக்கே சேர்வதால், எவ்வளவு உயரம் ஏறினோமோ அவ்வளவு இறங்கித்தான் ஆகணும். அப்போ கஷ்டமும் சுகமும் சமமாகிவிடுமா? உயரம் சமமாகும், நேரம் சமமாகாது. பாருங்கள்:

ஏற்றம் 1 கி.மீ., மணிக்கு 6 கி.மீ. வேகம் = 10 நிமிடம்
இறக்கம் 1 கி.மீ., மணிக்கு 30 கி.மீ. வேகம் = 2 நிமிடம்
மொத்தம் 2 கி.மீ. = 12 நிமிடம்

சராசரி வேகம் 18 என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். மணிக்கு 10 கி.மீ. தான்! சமதளத்தில் 12 கி.மீ. வேகத்தில் நிதானமாகப் போகிறவர் அதே 2 கி.மீ. தூரத்தை 10 நிமிடத்தில் முடித்துவிடுவார். ஏற்றத்தில் போன நேரத்தை இறக்கத்தில் பிடிக்கலாம் என்று பிரேக் போடாமல் பறப்பதால் லாபம் கொஞ்சம்தான், ஆபத்துதான் அதிகம்.

ஏனென்றால் கார் இல்லாவிட்டாலும் நடப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ரோட்டைக் கடக்கும் இடத்தில் சைக்கிள்தான் நின்று வழி விடணும். காருக்கு முன்னால் சைக்கிள் எளியது. சைக்கிளுக்கு முன்னால் நடப்பவர் எளியவர். வலுவுள்ளது ஒதுங்கணும். எளியவங்களை ஒதுங்கச் சொல்லக் கூடாது.

மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், அதில் வெட்கமே இல்லை. ஆனால் பின்னால் வேகமாக வரும் லாரியை நாம் என்ன செய்ய முடியும்? ஆகவே மேடு இல்லாத ரோடு மட்டும் சுலபமான ரோடு இல்லை. பயமில்லாத ரோடுதான் சுலபமான ரோடு. அது தானாக அமையாது, யாராவது முன்கூட்டியே யோசித்துப் போடணும். நம்மில் யாராவது நாளைக்கு இன்ஜினியர் ஆனால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்!

சிந்திக்க: 10 கி.மீ. சுற்றை மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் சுற்றினால் எத்தனை நிமிடம்? விடையைக் கீழே பென்சிலால் எழுதுங்கள்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி