மாடிப்படி விளக்கும் ஒரு பழைய தீர்ப்பும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நேற்று போனில் உன் அம்மா அழாத குறைதான். நீ எடுத்த ஆராய்ச்சித் தலைப்பு செத்துப்போன தலைப்பு என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். எல்லோரும் போகிற மொழி மாதிரிகள் பக்கமே நீயும் போகப்போகிறாயாம். போவதும் போகாததும் உன் இஷ்டம். செத்தது என்று சொன்னவர்கள் நாடி பிடித்துப் பார்த்தார்களா? அதை மட்டும் கேட்டுக்கொள்.

உன் செயற்கை நுண்ணறிவுத் துறையிலேயே இதற்கு ஒரு கதை உண்டு. 1958இல் பிராங்க் ரோசன்பிளாட், பெர்செப்ட்ரான் என்ற தன் நரம்பு வலையைச் செய்தியாளர்களுக்குக் காட்டினார். உளவியல் படித்த மனிதர். ஐந்து டன் எடையுள்ள ஐபிஎம் 704 கணினிக்குள் பஞ்ச் கார்டுகள் போயின. சிலவற்றில் இடப்பக்கம் குறி, சிலவற்றில் வலப்பக்கம். ஐம்பது தடவை பார்த்த பிறகு, எது இடம் எது வலம் என்று இயந்திரமே பிரித்துச் சொன்னது. அவ்வளவுதான். இதைப் பார்த்துவிட்டு நியூயார்க் டைம்ஸ் என்ன எழுதியது தெரியுமா? இது நடக்கும், பேசும், தான் இருப்பதைத் தானே உணரும் என்று, பணம் கொடுத்த கடற்படை எதிர்பார்க்கிறதாம். ரோசன்பிளாட்டுக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான்.

அடி விழுந்தது 1969இல். மார்வின் மின்ஸ்கியும் சீமோர் பேப்பர்ட்டும் 'பெர்செப்ட்ரான்ஸ்' என்று ஒரு புத்தகம் போட்டார்கள். மின்ஸ்கியும் ரோசன்பிளாட்டும் நியூயார்க்கில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். பங்காளிச் சண்டை மாதிரிதான். புத்தகம் சொன்னதில் எல்லோருக்கும் நினைவிருப்பது உங்கள் வீட்டு மாடிப்படி விளக்கிலேயே இருக்கிறது. கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் விளக்கு அணைந்திருக்கும். ஒன்று மட்டும் மாறினால் எரியும். ஒற்றை அடுக்குப் பெர்செப்ட்ரானுக்கு இந்தச் சின்ன விஷயம் ஏறவே ஏறாது. சதுரமாக நான்கு கோலப்புள்ளி வை. எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டையும் மற்ற இரண்டிலிருந்து ஒரே நேர்கோட்டால் பிரித்துப் பார். முடியாது. அந்தப் பெர்செப்ட்ரானுக்குத் தெரிந்ததோ நேர்கோடு மட்டும்தான்.

அந்த நிரூபணத்தில் தப்பே இல்லை. ஆனால் நிரூபித்தது ஒற்றை அடுக்கைப் பற்றி. அடுக்குகளைக் கூட்டினாலும் பெரிதாகப் பயன் இருக்காது என்பது அவர்களுடைய ஊகம். நிரூபணத்தையும் ஊகத்தையும் ஜனங்கள் ஒரே மூட்டையாகக் கட்டி, நரம்பு வலை முடிந்துபோன கதை என்று காதுக்குக் காது சொன்னார்கள். அந்தப் பக்கம் போகிற ஆளும் குறைந்தது, பணமும் குறைந்தது. 1971இல், தன் 43ஆவது பிறந்தநாளன்று, படகு விபத்தில் ரோசன்பிளாட் போய்விட்டார். பதில் சொல்ல அவர் இல்லை.

பல அடுக்குகளுக்குப் பாடம் சொல்லித்தரும் வழியை 1974இலேயே பால் வெர்போஸ் ஹார்வர்டில் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் எழுதியிருந்தார். யார் புரட்டிப் பார்த்தார்கள்? 1986இல் ரூமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் நேச்சர் இதழில் எழுதிய பிறகுதான் ஊர் திரும்பிப் பார்த்தது. அப்புறமும் ஏற்ற இறக்கம்தான். 2012இல் ஹின்டனின் மாணவர்கள், வீடியோ கேம் ஆடுகிறவர்கள் வாங்கும் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளை வைத்துப் பழக்கிய வலை, படத்தில் இருப்பதை அடையாளம் காணும் இமேஜ்நெட் போட்டியில் பிழையை 15.3 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. அடுத்து வந்தவருக்கு 26.2. நீ இன்று ஓடப்போகிற மொழி மாதிரிகளும் அதே வம்சம்தான்.

இதைப் படித்துவிட்டு, செத்த தலைப்பெல்லாம் பிழைத்து எழும் என்று நினைத்துக்கொள்ளாதே. பெரும்பாலானவை நிஜமாகவே செத்தவைதான். உன்னுடையது எந்த வகை என்பது எனக்குத் தெரியாது. நீதான் பார்க்க வேண்டும். உன் தலைப்பை முடித்துவைத்ததாகச் சொல்கிற அந்த மூலக் கட்டுரையை எடு. முதலிலிருந்து கடைசிவரை நீயே படி. அவர்கள் எதை நிரூபித்தார்கள், எதை ஊகித்தார்கள் என்று ஒரு தாளில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுது.

பொங்கலுக்கு வரும்போது அந்தத் தாளைக் கொண்டு வா. அதுவரை தலைப்பை மாற்றக் கையெழுத்துப் போடாதே. அம்மாவுக்கு இன்று ராத்திரியே ஒரு போன் போடு.

அன்புடன்,
மாமா